நந்தா விளக்கும் இளங்கன்றும்

திருச்சிற்றம்பலம்



ஐந்தாம் திருநாளாகிய இன்று எம்பெருமான் இடப வாகனத்தில் எழுந்தருளித் திருவீதி உலா வந்தருளினான். தீவட்டிகளின் ஒளியில் வெள்ளி இடபம் பொலிய, அதன்மேல் அம்மையும் அப்பனும் வீற்றிருந்த திருக்கோலத்தைக் கண்குளிரக் கண்டு நிற்கிறோம். அக்காட்சி நெஞ்சை விட்டு நீங்காத இவ்வேளையில், அந்த இடபத்தின் குலமாகிய ஆனினத்தைப் பற்றிச் சிறிது சிந்திக்கலாம் என்று கருதுகிறேன். பசுவின் பெருமையை நாம் பலகாலும் பேசியிருக்கிறோம்; ஆனைந்தின் சிறப்பைக் கேட்டிருக்கிறோம். கன்றின் கதையை நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. நம் சைவத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், பசுவுக்கு முன்னே கன்று நிற்பதைக் காணலாம். அதனை எடுத்துரைப்பதே இன்றைய நோக்கம். இதனுள் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதனையும் மறையாமல் சொல்வேன்.

விளக்கு எரிந்த வகை

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலை நாம் அறிவோம். முதலாம் இராசராச சோழன் எடுப்பித்து, 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய கற்றளி அது. அதன் விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கின்ற நாம், அதன் அடியிலே கல்லில் பொறித்திருப்பதைக் குனிந்து படிப்பதில்லை. திருவிளக்குகளுக்கு நெய் வந்த வகை அங்கே கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. இரவும் பகலும் அவியாது எரிகின்ற நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த ஓர் உழக்கு நெய்க்காக 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ விடப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களும் கல்லில் உள்ளன. அரசனும் அதிகாரிகளும் பெற்ற இடத்தை, அதே கல்லில், ஆடு மேய்த்தவரும் மாடு மேய்த்தவரும் பெற்றார்கள்.

இவ்வாறு விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு" என்று குறிக்கின்றன. சாவாதவை, மூவாதவை என்பது பொருள். சாகாத ஆடு உலகில் உண்டா? முதுமை அடையாத பசு உண்டா? இல்லை. பின், கல்லில் பொய்யையா எழுதினார்கள்? அன்று. மந்தையில் ஒன்று மூத்து விழுந்தால், அதன் குட்டி அந்த இடத்தில் நிற்கும். தாய் போனால் கன்று வரும். எண்ணிக்கை என்றும் குறையாது. 96 ஆடு பெற்றவர் என்றும் 96 ஆட்டுக்கு உரியவர். 48 பசு பெற்றவர் என்றும் 48 பசுவுக்கு உரியவர். இடையரும் மாறுவர், அரசரும் மாறுவர், மந்தை மட்டும் மாறாது நிற்கும். அதனாலேதான் அது சாவா மூவா மந்தை ஆயிற்று.

அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். விளக்கு அவியாமல் இருக்க வேண்டுமானால் நெய் வேண்டும். நெய்க்குப் பால் வேண்டும். பாலுக்குக் கறவை வேண்டும். இன்றைய கறவை சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். அதன்பின் விளக்கை எரியச் செய்வது எது? இன்று கொட்டிலிலே கால் ஊன்றி நிற்க முடியாமல் தள்ளாடுகிற அந்தக் கன்றுதான். கன்று பிழைத்தால் விளக்கு எரியும்; கன்று மடிந்தால், ஆண்டு சில சென்றபின் விளக்கு அவியும். "சந்திராதித்தவரை" எரிய வேண்டும் என்று மன்னன் கல்லில் வெட்டினான்; அந்த ஆணையைக் காத்தது அவனுடைய வாள் அன்று, கன்று பிழைத்த பிழைப்பே காத்தது.

ஓர் உழக்குக்கு நாற்பத்தெட்டுப் பசு

ஓர் உழக்கு நெய்க்கு 48 பசு எதற்கு என்று ஒருவர் வினவலாம். நாழியில் நான்கில் ஒரு பங்கு உழக்கு. அவ்வளவு சிறு நெய்க்கு இத்தனை பசுக்களா? கணக்கிட்டுப் பார்ப்போம். மந்தையில் எல்லாப் பசுவும் எந்நாளும் கறவையில் இருப்பதில்லை. சில சினையாக இருக்கும். சில பால் வற்றியிருக்கும். சில இன்னும் ஈனாதவை. 48இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 பசு கறவையில் இருந்தன என்று கொள்வோம். பசும்பாலில் நெய்ச்சத்து நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு. ஆகவே ஓர் உழக்கு நெய்க்கு 20 முதல் 25 உழக்குப் பால் வேண்டும். அதனை 16 பசுவுக்குப் பகிர்ந்தால் ஒரு பசுவின் பங்கு ஏறத்தாழ ஒன்றரை உழக்கே.

அப்படியானால் மிகுந்த பால் எங்கே சென்றது? மேய்த்தவர் குடும்பம் உண்டது. அதற்கும் முன்னே கன்று உண்டது. பசுவின் மடியை ஒட்டக் கறந்து விளக்கெரிக்கும் திட்டம் அன்று அது. கன்றுக்கும் காப்பவனுக்கும் போக மிஞ்சியதில் ஒரு சிறு பங்கே ஆண்டவனுக்கு என்று அமைந்த திட்டம். ஆண்டவன் அதனைக் குறைவாகக் கருதவில்லை. கன்றின் வாயிலிருந்து பறித்த நெய்யில் எரியும் சுடரை அவன் விரும்பான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆனாயர் காத்த நிரை

இவ்வறிவு திடீரென்று வந்ததன்று. நம் அடியார் வரலாறுகளிலே அது வேரூன்றியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தை அருளிச்செய்தார். அதில் ஆனாய நாயனாரின் வரலாறு வருகிறது. மழநாட்டுத் திருமங்கலத்திலே ஆயர் குலத்தில் தோன்றி, கொன்றை மரத்தின் கீழ் நின்று, வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை இசைத்துச் சிவபதம் பெற்றவர் அவர். குழலிசையைப் பேசுகிற நாம், அதற்கு முன்பு சேக்கிழார் சொல்லும் நிரைகாத்த திறத்தை விரைந்து கடந்துவிடுகிறோம்.

அப்பெருமான் தம் நிரையை ஒரே கூட்டமாக அடைத்து வைக்கவில்லை. கன்றுகள் தனியே, பால்குடி மறந்த பால்மறைகள் தனியே, இன்னும் ஈனாத நாகுகள் தனியே, கறவைகள் தனியே, சினைப்பசுக்கள் தனியே, அண்மையில் ஈன்ற புனிற்றாக்கள் தனியே, விடைகள் தனியே. இவ்வாறு இனந்தோறும் வெவ்வேறாகப் பிரித்து வைத்துக் காத்தார் என்று சேக்கிழார் உரைக்கிறார். கொடிய விலங்கின் துன்பமும் நோயும் அணுகாமல் காத்து, தூய புல்லையும் தூய நீரையும் ஊட்டி, குறைவின்றிப் பெருகச் செய்தார் என்றும் கூறுகிறார்.

கால்நடை மருத்துவம் கற்றோர் இன்று நமக்குச் சொல்வதும் இதுவே. வலிய மாடுகளோடு கன்றை விட்டால் மிதியுண்ணும். பெரிய மாட்டின் நோய் அதற்குத் தொற்றும். சினைப்பசுவைத் தனியே வைத்து, ஏறத்தாழ 280 நாள் கொண்ட அதன் சினைக்காலத்தில் கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்தி, நல்ல தீனி இட்டால், வயிற்றுக்கன்றும் தேறும். ஈன்றபின் மடியும் சுரக்கும். கன்றைக் காக்கும் வேலை அது பிறக்குமுன்னரே தொடங்கிவிடுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பக்திக் காவியத்துள் இந்நுட்பம் இடம்பெற்றிருக்கிறது என்றால், அதனைப் பாடிய புலவர் கொட்டிலை நன்கு கண்டவர் என்பது விளங்கும்.

விடைகளைத் தனியே வைத்ததற்கும் காரணம் உண்டு. எந்த விடை எந்தப் பசுவோடு சேர்கிறது என்பதே மந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. நம் ஊர்களில் கோயிலுக்கு நேர்ந்து விட்ட காளைகள் இருந்தன. நல்ல தாய்க்குப் பிறந்த, குறையற்ற காளைக்கன்றைத் தேர்ந்து, சூலக்குறி இட்டு, சிவன் பெயரால் விட்டுவிடுவர். அதற்கு ஏர் இல்லை, நுகம் இல்லை. எந்த வயலில் வாய் வைத்தாலும் அடிப்பார் இல்லை. ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுவே பொலிகாளை. அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கும் ஏழையின் ஒற்றைப் பசுவும் கட்டணமின்றி நல்ல வித்தைப் பெற்றது. வழிபாட்டின் பெயரால் நடந்த இனவிருத்தி அது. அதன் மகவுகளாகிய கிடேரிகள் பருவம் எய்துமுன் வேறு காளையைக் கொணர வேண்டும் என்ற கவனம் இருந்த ஊர்களில் இனம் சிறந்தது. அது இல்லாத ஊர்களில் நலிந்தது. காவிரிக் கடைமடைப் பகுதிக்கு உரிய உம்பளச்சேரி மாடும், கொங்கு நாட்டுக் காங்கேயம் மாடும் நெடுங்காலத் தேர்வினால் நமக்குக் கிடைத்த செல்வங்கள். இவ்விரண்டு இனத்திலும் கன்று செந்நிறமாகப் பிறந்து, வளர வளர நிறம் மாறும். கடைமடையில் ஒரு செங்கன்று துள்ளுவதைக் கண்டால், பல தலைமுறைகளின் கவனம் துள்ளுகிறது என்று கொள்ளுங்கள்.

புனிற்றாவும் சிறுவனும்

ஆனாயர் ஆயர் குலத்தில் பிறந்தவர். நிரை காத்தல் அவர்க்குக் குலத்தொழில். குலத்தொழில் அல்லாத ஒருவர், ஓர் ஈன்ற பசுவின் பொருட்டு மேய்க்கும் தொழிலை ஏற்றார். அவரே சண்டேசுர நாயனார்.

சேய்ஞலூர் என்பது கும்பகோணத்தை அடுத்து இன்று சேங்கனூர் என வழங்கும் பதி. அங்கே எச்சதத்தன் என்னும் மறையவனுக்கு மகனாக விசாரசருமர் தோன்றினார். ஒருநாள் உடன் ஓதும் சிறுவர்களோடு செல்லும்போது, ஊர்ப்பசுக்களின் நடுவே ஒரு புனிற்றா, மேய்ப்பவனைக் கொம்பினால் முட்டச் சென்றது. அவன் கோலால் அதனை அடித்தான். புனிறு என்பது ஈன்ற அணிமை. கன்றை ஈன்று சின்னாளே ஆன பசு, தன்னருகே வருவோரை முட்டுவது சினத்தால் அன்று. கன்றின்மேல் வைத்த காவலால். அக்காவலைக் குற்றமாகக் கருதி அடித்தான் மேய்ப்பவன். சிறுவரின் உள்ளம் பதைத்தது. "இனி நிரையை நானே மேய்ப்பேன்" என்று ஏற்றுக்கொண்டார்.

மண்ணியாற்றங்கரையில் அவர் மேய்த்த பசுக்கள் முன்னினும் கொழுத்துப் பால் பொழிந்தன. வீட்டில் கட்டிய தம் கன்றுகளைப் பிரிந்தாலும், அவரைப் பிரிய மாட்டாதன ஆயின. தாமே சொரிந்த பாலைக் கொண்டு, ஆத்தி மரத்தின் கீழ் மணலால் சிவலிங்கம் அமைத்து ஆட்டினார். அதனால் உடையவர் வீட்டுக் கறவை குறையவில்லை என்பதைச் சேக்கிழார் விடாமல் சொல்கிறார். அதன்பின் தந்தை வந்து பாற்குடத்தை இடறியதும், மகன் அவன் காலை வெட்டியதும், பெருமான் வெளிப்பட்டுச் சண்டேசுரர் என்னும் பதவி ஈந்ததும் நீங்கள் அறிந்தவை. கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருமான் தம் கையாலேயே அவர் தலையில் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இனி வரலாற்றுக்கு வாருங்கள். சோழர் காலத்தில் சிவாலயத்தின் நிலம் விற்றாலும் வாங்கினாலும், அறக்கட்டளை ஏற்றாலும், அவை ஆதிசண்டேசுவரர் பெயராலேயே நடந்தன. கோயில் உடைமை அனைத்துக்கும் கணக்குக் காப்பவர் அவர். இன்றும் அவர் சந்நிதியில் நாம் கையைத் தட்டி, "கோயிற்பொருள் எதனையும் கொண்டு செல்லவில்லை" என்று காட்டிச் செல்கிறோம். யாரிடம் சைவம் தன் சாவியைக் கொடுத்தது? பெருநிலம் ஆண்டவரிடம் அன்று. பெருஞ்செல்வம் குவித்தவரிடமும் அன்று. ஈன்ற பசுவின்மேல் விழுந்த அடியைப் பொறுக்க மாட்டாத ஒரு மாட்டிடைச் சிறுவரிடம் கொடுத்தது. கையைத் தட்டும்போது இதனை நினையுங்கள்.

கன்றை நினைந்து நடந்தவை

திருமூல நாயனாரின் வரலாறும் இதனோடு இயைகிறது. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் திருவாவடுதுறையை வழிபட்டுச் செல்லும்போது, சாத்தனூர் ஆயனாகிய மூலன் காவிரிக்கரையில் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டார். அப்பசுக்களின் துயர் தீர்க்கும் பொருட்டே அவனுடலில் புகுந்தார். திருமந்திரம் என்னும் பெருநூல் நமக்குக் கிடைத்ததற்கு மூலகாரணம் பசுக்களின் கண்ணீர்.

மாலைப்பொழுது வந்ததும் அப்பசுக்கள் ஊர்நோக்கித் தாமே நடந்தன. ஏன் நடந்தன? வீட்டில் இருக்கும் கன்றை நினைந்து நடந்தன என்கிறார் சேக்கிழார். மேய்த்தவனை இழந்து அழுத பசு, அவன் எழுந்ததைக் கண்டு மகிழ்ந்த பசு, அந்த மகிழ்ச்சியிலும் கன்றை மறக்கவில்லை. யோகியார் அவற்றின் பின்னே சென்றார். மெய்ஞ்ஞானி ஒருவரைச் சாத்தனூருக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றது கன்றின் நினைவு. மணிவாசகப் பெருமானும் இறைவனிடம் வரம் வேண்டும்போது, கன்றை உடைய பசுவின் மனம்போலத் தம் மனம் கசிய வேண்டும் என்றே வேண்டினார்.

திருவாரூர் நீதி

தாய்க்குக் கன்றின்மேல் உள்ள அன்பு இயல்பானது. அந்த அன்புக்கு அரசு என்ன மதிப்பளித்தது என்பதற்குத் திருவாரூர் சான்று. அரசிளங்குமரனின் தேர்ச்சக்கரத்தில் இளங்கன்று ஒன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். பெருமான் வெளிப்பட்டுக் கன்றையும், மகனையும், உயிர்நீத்த அமைச்சனையும் எழுப்பியருளினார். சேக்கிழார் தம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே இவ்வரலாற்றை வைத்தார். அவருக்குச் சற்று முன்னர், 1118 முதல் ஆண்ட விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டும் இதனைச் சொல்கிறது. கல்லால் அமைந்த தேர் அவ்வூரில் இன்றும் நிற்கிறது. விலைபேசினால் அன்று பிறந்த கன்றுக்கு என்ன விலை கிடைக்கும்? அரசகுமாரனுக்கு நிகரான விலை என்று திருவாரூர் சொல்லிற்று.

என் பிழை

இத்தனையும் படித்தவன், பலமுறை மேடையில் சொன்னவன், நான் செய்த பிழையை இப்போது சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திருக்கோயிலில் கோதானத்தின் பெருமையை விரித்துப் பேசினேன். பேச்சின் வேகத்தில், "ஒரு கன்றையேனும் ஆலயத்துக்கு ஈந்தவர் குலம் விளங்கும்" என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் எளிய குடும்பத்தார் ஒருவர், பிறந்து ஐந்தே நாளான காளைக்கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை. தாய்ப்பசு வீட்டில் நின்றது. அக்கோயிலில் அப்போது கறவை ஏதும் இல்லை. எல்லாரும் கன்றைத் தொட்டு வணங்கினர். வந்தவர் எல்லாரும் ஏதேனும் ஊட்டினர். ஒருவர் வாழைப்பழம், ஒருவர் சோறு, ஒருவர் சர்க்கரைப் பொங்கல். அன்பினால்தான் ஊட்டினர்.

நான்காம் நாள் கன்று கழிந்தது. ஐந்தாம் நாள் எழவில்லை. மருத்துவர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. "இந்த வயதில் இதற்குப் பால் ஒன்றே உணவு, சோற்றைச் செரிக்கும் வயிறு இதற்கு இன்னும் அமையவில்லை" என்று சொல்லிச் சென்றார். கொடுத்தவர் என்னிடம் வந்து, "ஐயா, நாங்கள் ஏதேனும் குறை வைத்தோமா?" என்று கேட்டார். குறை வைத்தவன் நான். சாத்திரம் சொல்வது கன்றோடு கூடிய கறவையைத் தானம் செய்வதை. கன்றைத் தாயிடமிருந்து பிரித்துத் தருவதை அது சொல்லவில்லை. அதனை அறிந்தும், சொல்லின் அழகுக்காகச் சொல்லிவிட்டேன். திருவாரூர் மன்னன் முன் நான் நின்றிருந்தால் என் செய்திருப்பேன் என்று பல இரவு எண்ணியிருக்கிறேன்.

முதல் நாளின் அறம்

அதன்பின் மருத்துவர்களிடமும், மாடு வளர்த்து முதிர்ந்த பெரியோரிடமும் கேட்டுக் கற்றதைச் சொல்கிறேன். வீட்டில் பசு உடையோர் மனத்தில் கொள்ளுங்கள்.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோயெதிர்ப்பு ஆற்றலில் ஒரு பகுதியைப் பெற்றுவிடுகிறது. கன்று அவ்வாறு பெறுவதில்லை. அது அந்த ஆற்றல் ஏதுமின்றியே மண்ணில் விழுகிறது. அதற்குரிய காப்பு முழுவதையும் இறைவன் சீம்பாலில் வைத்தான். அக்காப்பை உட்கொள்ளும் வாயில் கன்றின் குடலில் பிறந்த ஒருநாள் அளவே திறந்திருக்கும். மணிக்கு மணி அது ஒடுங்கிக்கொண்டே வரும். ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதற்சீம்பால் கன்றின் வாயில் விழவேண்டும். 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டருக்குக் குறையாமல், மூன்று நான்கு வேளையாகக் கிடைக்கவேண்டும்.

நம் ஊர்களில், நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடக்கூடாது என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. என் இளமையில் எங்கள் வீட்டிலும் உண்டு. அது பிழை. கன்று மடியை முட்டி ஊட்டும்போதுதான் தாயின் கருப்பை சுருங்கும்; கொடி எளிதில் விழும். கன்றைத் தடுத்தால் இருவருக்கும் கேடு. பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் கொடி விழாவிடில் மருத்துவரை அழைக்க வேண்டும். கையால் பிடித்து இழுக்கலாகாது, கல்லைக் கட்டித் தொங்கவிடலாகாது. சீம்பாலைத் திரட்டி அண்டை வீட்டுக்குத் தருவது நல்ல வழக்கந்தான். கன்று வயிறார உண்டபின் மிஞ்சியதைத் தாருங்கள்.

பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடையுங்கள். தாய் நக்கட்டும், அந்த நக்குதலே கன்றின் உடலில் குருதியை ஓடச்செய்யும். தொப்புள்கொடியை உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுத் தூய நூலால் கட்டி, தூய கத்தியால் அறுத்து, அயோடின் மருந்தைத் தடவுங்கள். நோய் நுழையும் முதல் வாயில் அதுவே. ஈரமில்லாத வைக்கோற் படுக்கை தாருங்கள். பத்தாம் நாளளவில் குடற்புழு மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து இளம்புல்லைக் காட்டுங்கள். அது மென்று பழகும். பாலை மூன்று மாதம் வரை விடாமல் தாருங்கள்.

நம் கடமை

இவையெல்லாம் வேளாண்மைப் பாடம், சமயப் பாடம் அன்று என்று எவரும் எண்ணற்க. சாவா மூவா மந்தை என்று கல்லில் வெட்டியவர்கள் இதனைச் சமயமாகவே கொண்டார்கள்.

உழவுக்கு இயந்திரம் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. கிடேரியை வளர்ப்போர் பலர், காளைக்கன்றுக்குப் பால் விடுவதை நட்டம் என்று கருதுகின்றனர். அவற்றுள் சில பட்டினியால் மடிகின்றன. சில தெருவில் விடப்படுகின்றன. சில நேர்த்திக்கடன் என்ற பெயரால் கோயில் வாயிலில் கட்டப்படுகின்றன. வளர்க்க மனமில்லாததைக் கடவுளுக்குத் தருவது தானம் ஆகாது. ஆலயத்துக்குக் கொடுக்க விரும்புவோர் கன்றோடு தாயையும் கொடுங்கள். இரண்டுக்கும் ஓராண்டுத் தீனிக்கு வழிசெய்து கொடுங்கள். அது இயலாதோர், கோயிற் கொட்டிலில் உள்ள ஒரு கன்றின் தீனிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு கட்டுப் பசும்புல் கொணருங்கள். கொட்டிலில் இருப்பவற்றுக்குச் சோறும் பொங்கலும் ஊட்டாதீர்கள். பெரிய மாட்டுக்கும் மிகுந்த சோறு வயிற்றில் புளித்து உயிரைப் போக்கும். ஆலயப் பொறுப்பாளர்களையும் வேண்டிக்கொள்கிறேன்: கறவை இல்லாத கொட்டிலில் பால்குடிக் கன்றை ஏற்காதீர்கள். மறுப்பது பாவம் அன்று; ஏற்றுக் கொல்வதே பாவம்.

திருஞானசம்பந்தப் பெருமான் மதுரையில் திருப்பாசுரம் அருளி உலகை வாழ்த்தியபோது, பசுக்கூட்டத்தையும் சேர்த்தே வாழ்த்தினார். அந்த வாழ்த்து பலிப்பதும் பலியாமற் போவதும் பிறந்த கன்றின் முதல் நாளில் நம் கை செய்யும் செயலில் இருக்கிறது. இன்று இல்லம் சென்றபின், கொட்டிலில் கன்று இருப்போர் ஒருமுறை விளக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதன் வயிறு நிறைந்திருக்கிறதா, படுக்கை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் உங்கள் பூசையறையில் ஏற்றும் விளக்கு நந்தா விளக்காகும்.

திருச்சிற்றம்பலம்